உப்பு ராணியோட சுரங்கமும் எங்க வீட்டுப் போர்வையும்

சர்ச்சுலேருந்து வந்து குளிர்க்கோட்டுகூடக் கழட்டல. அடுப்படி நடுவுல நின்னுக்கிட்டு எங்க வீட்டுக்காரர் டெல்மர் அறிவிச்சாரு.

"லவோன், உப்பு ராணியோட சுரங்கத்தை மறுபடியும் தெறக்கப் போறேன்."

எழுபத்திமூணு வயசு. செருப்பு மாட்டக் குனிஞ்சா நிமிர ஒரு ஆள் வேணும். சுரங்கம் தெறக்கப் போறாராம்.

நான் பதறல. அந்தச் சுரங்கம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்கு அடியில இருக்குற பேஸ்மென்ட்ல, வாஷிங் மெஷினுக்கும் ஊறுகாய் பாட்டில் அலமாரிக்கும் நடுவுல, ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள நாப்பது வருஷமாத் தூங்குது. மெலிசா ஒரு புத்தகம், அதுக்கு உள்பக்கம் வரைபடம் அச்சடிச்ச ஒரு அட்டை, இருபது மொகம் வச்ச பகடை ஒரு கைப்பிடி. அவ்வளவுதான் சுரங்கம்.

அது என்ன ஆட்டம்னு கேக்குறீங்களா. எனக்கே புரிய ஒரு குளிர்காலம் ஆச்சு. பலகை கிடையாது, காய் கிடையாது. டெல்மர் ஒரு அட்டைத் தடுப்பை நிமித்தி வச்சு, அதுக்குப் பின்னால ஜட்ஜு மாதிரி உக்காந்துக்குவாரு. "உங்க எதிர்ல ஒரு கதவு, அடியில தண்ணி கசியுது"ம்பாரு. மத்தவங்க, நான் காதை வச்சுக் கேக்குறேன், நான் நீளக் கம்பால தரையைத் தட்டிப் பாக்குறேன்னு வாயால சொல்லணும். பகடை உருளும். யாராவது சாவாங்க. அப்புறம் நான் செஞ்ச ஓட்ஸ் கேக்கைத் தின்பாங்க.

1983 குளிர்காலம் பூரா, சனிக்கெழம தவறாம, எங்க பேஸ்மென்ட்ல இதுதான். மாட்டு டாக்டர் ரோலி, மரக்கடை கெர்வின், அப்புறம் டேல்னு ஒருத்தர். ரோலியும் கெர்வினும் வந்ததும் வராததுமா சோபாவுக்கு அடிச்சுக்குவாங்க. மேல கெடக்குற போர்வையை முட்டிமேல இழுத்துப் போட்டுக்குவாங்க. டேல் பாவம், மடக்கு நாற்காலி.

அந்தப் போர்வை கதையைச் சொல்லியே ஆகணும். அந்த ஜனவரியில சர்ச் கண்காட்சிக்கு ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். மாதிரி எதுவும் கெடைக்கல. வெளிய ரெண்டடி பனி, கடைக்குப் போக முடியாது. துணி துவைக்கக் கீழ போனா, அந்த வரைபடம் கெடக்கு. கட்டம் கட்டமா, நீலமும் வெள்ளையுமா, அவ்வளவு அழகு. மூணு நாள் எடுத்து வச்சுக்கிட்டேன். புத்தகத்தையும் படிச்சுப் பாத்து, பொறி இருக்குற எடத்துக்கெல்லாம் செவப்புத் துணி, புதையலுக்கு மஞ்சத்துணி. சுரங்கத்தோட மூணு தளமும் தைச்சேன். கண்காட்சியில ரெண்டாம் பரிசு. மொதப் பரிசு பாதிரியார் மச்சினிக்கு, அதைப்பத்தி நான் ஒண்ணும் பேச விரும்பல. அப்புறம் அது சோபாவுக்கு வந்துடுச்சு. டெல்மர்கிட்டச் சொல்லணும்னு தோணல. அவரும் கேக்கல. ஆம்பளைங்க போர்வையைப் போத்துவாங்க, பாக்கமாட்டாங்க.

வசந்தம் வந்ததும் ரோலிக்குக் கன்னு ஈனுற சீசன், எங்களுக்குக் கொழந்தை. மூணாவது தளம் பாக்கியா நின்னுபோச்சு. ஆனா டெல்மர் அந்தக் கதையை நாப்பது வருஷம் சொன்னாரு. "பன்னெண்டு பொறி வச்சேன், ஒண்ணுல கூட ஒருத்தனும் விழல. அப்படி மூளை உள்ள ஆளுங்க இப்போ எங்க இருக்காங்க"ன்னு. ஒவ்வொரு தடவையும் கண்ணு கலங்கும்.

கண்ணுன்னு சொன்னேன்ல. அங்கதான் விஷயம்.

ரெண்டு கண்ணுலயும் புரை. டாக்டர் ரெண்டு வருஷத்துக்கு முந்தியே எடுத்துடலாம்னாரு. இவரு முடியாதுன்னுட்டாரு. காரணம், இவரோட பெரியப்பா பையன் ஆர்வில். அவரு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்து, அடுப்படியில நின்ன சொந்தப் பொண்டாட்டியைப் பாத்து, யாரும்மா நீங்கன்னு கேட்டுட்டாராம். அவ மூணு வாரம் தங்கச்சி வீட்டுல போய் இருந்துட்டா. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் லவோன்"ம்பாரு டெல்மர்.

பக்கத்து வீட்டுத் தபால்பெட்டியை எங்க சின்ன லாரியால ரெண்டு தடவை இடிச்சாரு. அதுக்குக்கூட நான் வாயைத் தெறக்கல. ஆனா பிப்ரவரி கடைசியில, ஏரியில உறைஞ்ச பனிமேல லாரியை ஓட்டிக்கிட்டு மீன் பிடிக்கப் போனாரு. எங்க ஊர்ல அது வழக்கம். பனி மெலிஞ்ச எடத்துல கம்பு நட்டு செவப்புக் கொடி கட்டி வச்சிருப்பாங்க. அந்தக் கொடி இவருக்குத் தெரியல. லாரியை நேரா அதுக்குள்ள விட்டாரு. கெர்வின் கரையிலேருந்து கத்திக்கிட்டே ஓடி நிறுத்தினாரு. முன் சக்கரத்துக்கு மூணடியில பனி விரிசல் விட்டுக் கெடந்துச்சாம். வீட்டுக்கு வந்து, இன்னிக்கு மீன் சரியில்லன்னாரு. கெர்வின் போன் பண்ணித்தான் எனக்குத் தெரியும். அன்னையிலேருந்து லாரிச் சத்தம் கேட்டா எனக்குச் சோறு எறங்கல. கெஞ்சினேன், அழுதேன், பொண்ணை விட்டுப் பேசச் சொன்னேன். ஒண்ணும் நடக்கல.

அப்பத்தான் சுரங்க அறிவிப்பு வந்துச்சு.

"டேல் அரிசோனாவுல இருக்கான். ஒரு ஆள் கொறையுதே"ன்னாரு.

"நான் உக்காருறேன்."

சிரிச்சாரு. "இது வெளையாட்டு இல்ல லவோன்."

"சரி, அப்போ வெளையாடல. சும்மா உக்காருறேன்."

அடுத்த சனிக்கெழம மத்தியானம் ரோலியும் கெர்வினும் வந்தாங்க. ரெண்டு பேருக்கும் இடுப்பு மூட்டு மாத்தியாச்சு, ஆனாலும் சோபாவுக்கு அடிச்சுக்கிட்டாங்க. எனக்கு டேலோட மடக்கு நாற்காலி. டெல்மர் தடுப்பை நிமித்தினாரு. அதுல அவரு கையெழுத்துல ஒரு சட்டம் ஒட்டியிருக்கு: வாயால சொன்னது சொன்னதுதான், மாத்த முடியாது. அது 1981-ல, இதுக்கு முந்தின வேற ஒரு ஆட்டத்துல எழுதினது. அன்னிக்குக் கெர்வின் வெளையாட்டா, நான் அந்தச் சிம்மாசனத்துல உக்காருறேன்னு சொல்லிட்டு, இல்ல இல்லன்னு பின்வாங்கினாரு. டெல்மர் விடல. சிம்மாசனம் கெர்வினை முழுங்கிடுச்சு.

ஆட்டம் ஆரம்பிச்சுது. பாக்கப் பரிதாபமா இருந்துச்சு. டெல்மர் வரைபடத்தை மூக்குல ஒட்டி வச்சுக்கிட்டு, எடதுபக்கம் படிக்கட்டுங்குறாரு. அங்க செவரு. எனக்குத் தெரியும், அந்தச் செவரை ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சிருக்கேன். ரோலியும் கெர்வினும் போர்வையைத் தடவிக்கிட்டு, ஒண்ணும் சொல்லாம இல்லாத படிக்கட்டுல எறங்கினாங்க. எங்க ஊர்ல யாரும் யாரையும் மொகத்துக்கு நேரா குத்தஞ்சொல்ல மாட்டாங்க. அதனாலேயே பாதிப்பேர் செத்துப் போறோம்.

"மை வெளுத்துப் போச்சு"ன்னாரு டெல்மர். "அந்தக் காலத்துல யாரும் நகல் எடுக்கக் கூடாதுன்னே வெளிறின நீலத்துல அச்சடிச்சான்."

கண்ணைக் கசக்கிட்டு மறுபடி குனிஞ்சாரு. எனக்கு அதுக்குமேல பொறுக்கல.

"ராணியோட அறையில, மேற்கு மூலையில, மூணாவது உப்புப் பலகைக்கு அடியில பாக்குறேன்"ன்னேன்.

தடுப்புக்கு மேல ரெண்டு புருவம் எழும்புச்சு. "அங்க பாக்கணும்னு உனக்கு யாரு சொன்னா?"

"பொம்பளை பெருக்குற எடம் டெல்மர் அது. ஒங்களுக்கெல்லாம் தெரியாது."

ரோலி காப்பிக்குள்ள எதையோ தேடினாரு. கெர்வின் கூரையைப் பாத்தாரு.

அங்க ஒரு மோதிரம் இருந்துச்சு. ஒரே ஒரு வரம் குடுக்குற மோதிரம். டெல்மருக்கு மொகமெல்லாம் பல்லு. ஏன்னா வரத்தைத் திருப்பிப் போட்டு அடிக்கிறதுல அவரு கெட்டிக்காரர். ஒரு தடவை கெர்வின், எனக்கு இனிமே பசிக்கவே கூடாதுன்னு வரம் கேட்டாரு. அப்படியே கல்லாக்கிட்டாரு. மூணு சனிக்கெழம கெர்வின் கல்லா உக்காந்து, ஒரு தட்டு ஓட்ஸ் கேக்கைக் காலி பண்ணினாரு.

"இந்த வரம் எங்க செல்லும்?"ன்னு கேட்டேன்.

"எங்க வேணா. இது உப்பு ராணி மோதிரம். எந்த உலகத்துலயும் செல்லும்."

"எந்த உலகத்துலயுமா?"

"சொன்னது சொன்னதுதான்"னு தடுப்பைத் தட்டிக் காமிச்சாரு.

பையிலேருந்து சர்ச் தாளை எடுத்தேன். பின்பக்கம் நாலு நாளா எழுதி எழுதி அடிச்சது. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிச்சேன். "இந்தத் தடுப்புக்குப் பின்னாடி இப்போ உசிரோட, மனுஷ உருவத்துல உக்காந்திருக்குற என் புருஷன் டெல்மர், அதே உசிரோட, அதே உருவத்துல, வர்ற செவ்வாக்கெழம காலைல பத்து மணிக்கு, நான் ஓட்டுற காருல வந்து, கண் டாக்டர்கிட்ட மொதல்ல வலது கண்ணுக்கும், அவரு சொல்ற தேதியில எடது கண்ணுக்கும், ஆபரேஷன் பண்ணிக்கணும். அதுவரைக்கும் லாரிச் சாவி என்கிட்ட இருக்கணும்."

தாளை மடிச்சுப் பையில வச்சேன்.

டெல்மர் ஓட்டை தேடினாரு. டாக்டருக்கு நேரம் இருக்காதேன்னாரு. நேரம் வாங்கியாச்சுன்னேன். ஆபரேஷன் முடிஞ்சு சாவி திரும்பக் கெடைக்கும்னு அதுல இல்லையேன்னாரு. அது என் ஓட்டை, ஒங்களோடது இல்லன்னேன். பகடையை எடுத்தாரு. கெர்வின் கையை நீட்டிப் பகடையை வாங்கிக்கிட்டாரு.

"வரத்துக்குப் பகடை கிடையாது டெல்மர். நான் கல்லானப்போ நீதான் சொன்னே."

ரோலி வேற ஒண்ணு சொன்னாரு, மெதுவா, மாட்டுக்கு ஊசி போடறப்போ பேசுற குரல்ல. "அந்தக் கொடி எனக்கு ரெண்டு மைலுக்கு அந்தாண்டேருந்தே தெரிஞ்சுதுடா."

டெல்மர் தடுப்பை மடக்கினாரு. சாவியை எடுத்து மேசைமேல வச்சாரு. "நடக்கும்"னாரு. ஆட்டத்துல எதையும் ஒத்துக்கும்போது அவரு சொல்ற வார்த்தை அது.

நான் மாடிக்குப் போய் குளியலறையில குழாயைத் தெறந்து வச்சுக்கிட்டு நல்லா அழுதேன். அப்புறம் எல்லாருக்கும் சீஸ் பொரிச்சேன்.

ரெண்டு கண்ணும் முடிய ஒரு மாசம் ஆச்சு. கண்ணுக் கட்டைக் கடைசியா அவுத்த அன்னிக்குக் காருல வரும்போது ஏரி உருகிப்போய் நீலமாக் கெடந்துச்சு. கரையில மடிச்சு வச்சிருந்த கொடியை ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே வந்தாரு. பதினாலு.

வீட்டுல அடுப்படியில வச்சு என்னைப் பாத்தாரு. எனக்கு ஆர்வில் ஞாபகம் வந்துச்சு.

"நீ அப்படியேதான் இருக்கே"ன்னாரு.

டாக்டர் சரியாப் பண்ணலையோன்னு ஒரு சந்தேகம்.

சோறு ஆகுறவரைக்கும் படுக்கிறேன்னு கீழ போனாரு. போர்வையை இழுக்குற சத்தம். அப்புறம் சத்தமே இல்ல. எறங்கிப் பாத்தேன். போர்வையைத் தரையில விரிச்சுப் போட்டு, மண்டி போட்டு, ஒத்தை விரலால நீலக்கட்டத்து வழியா நடந்துக்கிட்டிருக்காரு. ஒவ்வொரு செவப்புத் துண்டுலயும் நின்னு நின்னு.

"லவோன். இது என்னோட சுரங்கம்."

"ஆமா. ரெண்டாம் பரிசு."

"எப்போலேருந்து?"

"எம்பத்திமூணு பிப்ரவரி."

எழுந்து நேரா போனுக்குப் போனாரு, ரோலியைக் கூப்பிட. நாப்பது வருஷமா என் ரகசியத்தை என் சோபாவுலயே விரிச்சு வச்சிருக்கா, என்னால நம்பவே முடியல, நல்லவேளை உங்க கண்ணுல படாம போச்சேன்னு மூச்சு விடாமப் புலம்பினாரு.

அப்புறம் ரோலி கேட்டாரு:

"டெல்மர், அந்த சோபாவுக்கு நானும் கெர்வினும் குளிருக்கா அடிச்சுக்கிட்டோம்னு நெனச்சே?"