கீல் இல்லாத கதவும் ஹார்டுவேர் பாயும்

புதுச்சேரியில் கம்ப்யூட்டரைக் கையால் தூக்கிப் பார்த்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து வாங்கிய மனிதர் ஒருவர்தான். இன்னொருவர் பிறக்க மாட்டார் என்று நம்புகிறேன். பிறந்தால் அவரிடம் வேலை பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை.

முத்தியால்பேட்டை முழுக்க அவருக்கு ஹார்டுவேர் பாய் என்றுதான் பெயர். கீல், தாழ்ப்பாள், பூட்டு, குழாய், ஆணி விற்கிற கடை. அவருடைய அத்தா காலத்திலிருந்து அதே இடம். அவரிடம் மூன்று வருடம் வேலை பார்த்த எனக்கே அவருடைய சொந்தப் பெயர் சட்டென்று வராது.

நான் டிப்ளமோ சிவில் முடித்து, தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன். பட்டறையை மூடிவிட்டார்கள். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. இனி வாழ்க்கையில் பெரிதாக எதுவும் வேண்டாம், எங்காவது ஒரு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி கிடைத்தால் போதும் என்கிற பக்குவத்துக்கு வந்திருந்தேன். பாய் கடையில் நாற்காலியும் இருந்தது, மின்விசிறியும் இருந்தது. அவற்றோடு பாயும் இருப்பார் என்பதை நான் சரியாக யோசிக்கவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ஷோரூம் திறந்திருந்தார்கள். அங்கே வாடிக்கையாளர் வீட்டைக் கம்ப்யூட்டரில் அப்படியே வரைந்து, கதவு, சுவர், குழாய் எல்லாம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டுகிறார்கள் என்று பாய் கேள்விப்பட்டார். கேள்விப்பட்ட மறுநாளே என்னைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, அதே சாப்ட்வேர் நமக்கும் வோணும்."

"போட்டுடலாம் பாய். ஆனா அது ஓடணும்னா நல்ல ஹார்டுவேர் வேணும்."

பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பின்னாலிருந்த அலமாரிகளைக் கையால் ஒரு சுற்றுக் காட்டினார். "ஹார்டுவேரப் பத்தி எங்கிட்டயே சொல்றியா?"

இது வேறு ஹார்டுவேர் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. எதற்கும் நேரில் பார்த்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் கடைக்குக் கிளம்பினார்.

கடைக்காரர் முதலில் மின்சாரம் கொடுக்கும் பெட்டிகள் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டிலும் ஒரே வாட் எண்தான் அச்சிட்டிருந்தது. பாய் கைக்கொரு குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டையும் தூக்கினார். இடது கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"இது வோணாம். உள்ள வெறும் காத்து."

"பாய், ரெண்டும் ஒரே பவர்தான்."

"பூட்டு விக்கிறவன் நான். எழுதியிருக்கறத நம்பி ஒரு நாளும் வாங்குனது இல்ல. கனம் பொய் சொல்லாது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதே மாதிரி இலேசான பெட்டியை வாங்கிய என் நண்பர் ஒருவருக்கு நான்கே மாதத்தில் அது புகைந்துபோயிற்று.

அடுத்தது மெமரி. பதினாறு ஜிபி போதும் என்றார் கடைக்காரர். "முப்பத்திரண்டு போடு. மறதிக்காரன வேலைக்கு வெச்சா கடை இன்னாவுறது?" என்றார் பாய். இதையும் என்னால் மறுக்க முடியவில்லை. பிறகு படம் காட்டுவதற்கான கிராபிக்ஸ் கார்டு வந்தது. செங்கல் மாதிரி ஒன்று. அதைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பொருத்தியதும் பாய் குனிந்து, தலையை உள்ளே விட்டு, வெகுநேரம் பார்த்தார்.

"இம்மாம் கனத்த ஒரே பக்கம் திருகி வுட்டுட்டியே. தொங்கிடாது?"

"தொங்காது பாய். கம்பெனி டிசைனே அப்படித்தான்."

"கம்பெனிக்காரன் சுவத்துல அலமாரி மாட்டியிருக்கானா?"

மூன்று மாதத்தில் அது தொங்கியது. திரை கறுப்பாகிவிட்டது. நான் சர்வீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே பாய் கடையிலிருந்து ஓர் எல் வடிவக் கிளாம்பை எடுத்து, அடியில் ரப்பர் வைத்து, கார்டுக்கு முட்டுக் கொடுத்தார். திரையில் வெளிச்சம் வந்தது. கையோடு பெட்டியின் திருகுகளையெல்லாம் கழற்றிவிட்டுத் துருப்பிடிக்காத திருகுகளாக மாற்றினார். "கடல் அர கிலோமீட்டர்ல இருக்குது. இத செஞ்சவனுக்கு அது தெரியுமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. தவறாக இருந்தால் சண்டை போடலாம். ஒவ்வொரு முறையும் சரியாகவே இருக்கிற ஒருவரோடு என்ன செய்வது?

ஹார்டுவேர் கதை இத்தோடு முடிந்தது. சாப்ட்வேர்தான் என் முதுகெலும்பை ஒடித்தது.

வீட்டுக்குள் வைக்க வேண்டிய சாமான்கள் எல்லாம் அதிலேயே ஒரு பட்டியலாக இருக்கும். எடுத்து எடுத்து வைத்துக்கொள்ளலாம். பாய் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். குளிர்காயும் அடுப்பு பதினெட்டு தினுசு இருந்தது. பனிச்சறுக்குக் கட்டை சார்த்தி வைக்க ஒரு ஸ்டாண்டு இருந்தது. கேஸ் சிலிண்டர் இல்லை. தண்ணீர் கேன் இல்லை. துணி காயப்போடும் கொடி இல்லை. பரண் இல்லை.

"இந்தக் கட்டை எதுக்கு?"

"அந்த ஊர்ல பனியில வழுக்கிகினு போவாங்க பாய்."

"நம்மூர்ல பாத்ரூம்ல வழுக்கிகினு போறாங்க. அதுக்கு இன்னா வெச்சிருக்கான்?"

ஆக எல்லாவற்றையும் நானே செய்து உள்ளே சேர்த்தேன். அளவு மில்லிமீட்டரில் இருந்தது. பாய்க்கு அடி, இஞ்ச், நூல்தான் வரும். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அதையும் சாப்ட்வேருக்குக் கற்றுக்கொடுத்தேன். இனி நிம்மதி என்று நினைத்து, ஒரு மாதிரி வீட்டை வரைந்து, வாசல் கதவை வைத்துக் காட்டினேன். பாயின் முகம் சுருங்கியது.

"கதவுக்குக் கீல் எங்க?"

"கீலெல்லாம் இதுல போட மாட்டாங்க பாய்."

"அப்ப கதவு எதைப் புடிச்சிகினு நிக்குது?"

"கம்ப்யூட்டர்ல அதுவா நிக்கும்."

பாய் எழுந்து வெளியே போய்விட்டார். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். கதவு அதுவாகவே நின்றுகொண்டிருந்தது. அவரால் தாங்க முடியவில்லை. பேயைப் பார்த்தவர் மாதிரி இருந்தார்.

அன்று தொடங்கியது. கடையிலிருந்த கீல் ஒவ்வொன்றையும் மேசைமேல் வைத்து, அளந்து, இரண்டு தகடு, நடுவில் கம்பி, திருகு, திருகின் மரை வரைக்கும் வரையச் சொன்னார். நாற்பத்தொரு தினுசு கீல். ஒரு கதவுக்கு மூன்று கீல், கீலுக்கு ஆறு திருகு. எட்டுக் கதவு உள்ள வீட்டைத் திறந்தால் அந்த முப்பத்திரண்டு மெமரி மெஷின் கப்பல் கிளம்புகிற மாதிரி முனகிவிட்டு, அப்படியே உறைந்து நிற்கும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், பாய் தொழுகைக்குப் போன சமயத்தில், திருகுகளை மட்டும் அழித்துவிட்டேன். மெஷின் மான்போல் ஓடியது. பாய் திரும்பி வந்தார். உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"திருகு யார் எடுத்தது?"

"பாய், கீல் மூடியிருக்கறப்ப திருகே தெரியாது. யாரும் பாக்க மாட்டாங்க."

"நான் பாத்துட்டனே."

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அறுபது வயது மனிதர் ஒரு திருகுக்காகப் பட்டினி கிடப்பதை எத்தனை நேரம் பார்க்க முடியும்? மூன்று மணிக்கு எல்லாத் திருகுகளையும் திரும்பப் போட்டேன். நாலு மணிக்கு டப்பாவைத் திறந்து, பாதியை என் பக்கம் தள்ளினார்.

அந்தச் சமயத்தில்தான் மதாம் வந்தார்கள். குருசுக்குப்பத்தில் தனியாக இருந்த எழுபத்தாறு வயது அம்மா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் பாரிசுக்குப் பக்கத்தில் எஞ்சினியர். இரண்டு மாதத்துக்கு முன்னால் மதாம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். உள்ளே தாழ்ப்பாள். கதவோ உட்பக்கம் திறப்பது. அவர்கள் கதவை அடைத்தபடி கிடந்ததால் தள்ளவும் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆள் கூட்டி வந்து கதவை அறுத்து எடுப்பதற்குள் அரைநாள் போய்விட்டது. வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகத்தான் வேண்டும் என்று மகன் ஒரே பிடியாக நின்றார்.

"நான் எங்கியும் போவ மாட்டேன் பாய். வூட்ட எப்டி மாத்தணுமோ மாத்துங்க. அவன் பாத்து சரின்னு சொல்லணும், அவ்ளோதான்," என்றார்கள் மதாம். குரல் உறுதியாக இருந்தது.

அந்தப் பெரிய ஷோரூமும் படம் போட்டுக் கொடுத்திருந்தது. சரவிளக்கு, சலவைக்கல், பூந்தொட்டி என்று அழகான படங்கள். மகன் பார்த்துவிட்டு, "இதில் அம்மா விழுந்தால் யார் கதவைத் திறப்பது?" என்று ஒரே கேள்வி கேட்டிருந்தார். அத்தோடு அந்தப் படங்களை ஒதுக்கிவிட்டார்.

எங்கள் முறை வந்தது. மதாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மகன் வீடியோவில் வந்தார். எங்கள் திரை அங்கே தெரியும்படி செய்துவிட்டு வீட்டைத் திறந்தேன். மெஷின் முனகியது. உறைந்தது. சின்ன வளையம் ஒன்று சுற்றத் தொடங்கியது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். திருகுகளை எண்ணி எண்ணி மனசுக்குள் திட்டினேன்.

பாய் பதறவே இல்லை. "அங்க குளிரா தம்பி? சாப்டீங்களா? அம்மா வெச்ச மீன் கொழம்பு ஞாபகம் வருதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான்காவது நிமிடம் வீடு திறந்தது. நான் வரவேற்பறையைக் காட்டப் போனேன். பாய் என் கையிலிருந்து மவுசை வாங்கி, நேராகக் குளியலறைக் கதவுக்குப் போனார்.

"தம்பி, கதவு இப்ப வெளிய தொறக்குது. உள்ள யாரு கெடந்தாலும் தட்டாது."

"சரி. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால்? வெளியே இருந்து திருப்பித் திறக்கிற பூட்டு இருக்கிறதே, அதைப் போடலாமே?"

"உப்புக் காத்துல ஆறு மாசத்துல அது இறுகிடும். அவசரத்துக்குச் சுத்தாது. இத பாருங்க." கீலை நெருக்கமாகக் கொண்டுவந்தார். திரை முழுக்கப் பித்தளைக் கீல். திருகின் மரை வரைக்கும் தெரிந்தது. "கீல் வெளிப்பக்கம் இருக்குது. நடுவுல ஒரு கம்பி. கீழேந்து ஒரு தட்டு தட்டுனா மேல வந்துடும்."

மவுசால் கம்பியைப் பிடித்து மேலே இழுத்தார். வந்தது. இரண்டாவது. மூன்றாவது. பிறகு கீல் பக்கமாகக் கதவைப் பிடித்து நகர்த்தினார். கதவு சட்டத்தைவிட்டுக் கழன்று வந்தது. தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது.

"ஒரு நிமிஷம் போதும் தம்பி. பக்கத்து வூட்டுல யாரு இருந்தாலும் செய்யலாம். நானே அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன்."

மகன், "இன்னொரு தடவை காட்டுங்கள்," என்றார். காட்டினார். "இன்னொரு தடவை." மூன்றாவது முறை காட்டும்போது மகன் கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தார். "அம்மா விழுந்த அன்றைக்கு இங்கே நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன் பாய். ரம்பச் சத்தம் மட்டும்தான் கேட்டது," என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி, செய்யுங்கள்," என்றார்.

மதாம் என் பக்கம் திரும்பி, "மெர்சி முசியே," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்கள். திருகுகளை அழித்தவன் நான் என்று அவர்களுக்குத் தெரியாது. பாய் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

மதாம் இன்னும் குருசுக்குப்பத்தில்தான் இருக்கிறார்கள். இதுவரை அந்தக் கம்பியைக் கழற்ற வேண்டி வந்ததில்லை. ஆனாலும் பாய் மாதம் ஒரு முறை எண்ணெய் டப்பாவோடு போய், கழற்றி, மாட்டிவிட்டு வருவார்.

இதனால் கடைக்குக் கூட்டம் குவிந்ததா என்று கேட்டால், இல்லை. வந்தவர்கள் திரையை வேடிக்கை பார்த்துவிட்டு, பொருளைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினார்கள். நாற்பத்திரண்டாவது கீல் வந்தது, நாற்பத்து மூன்றாவது வந்தது. என் கண்ணும் கழுத்தும் போயின. சோர்ந்துபோய், வேலையை விடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்த வாரத்தில் எனக்கு டெங்கு வந்து, கதிர்காமம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பத்து நாளைக்குப் பாய் இல்லை.

இரண்டாம் நாள் பார்வையாளர் நேரத்தில், தன் மகளுடைய லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாய் வந்து நின்றார்.

"தம்பி, ஒரு சந்தேகம். மாடிப்படி போட்டா ஒரு படி ஜாஸ்தி வருது. எங்க மாத்தறது?"

நர்ஸ் முறைத்தார். எனக்கு அழுகை வந்தது. இருந்தாலும் தலையணையில் சாய்ந்தபடி, மொத்த உயரத்தை எங்கே போட வேண்டும், படி உயரத்தை எங்கே போட வேண்டும் என்று சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு, "இரு, எளநி வாங்கியாறேன்," என்று கீழே போனார்.

திரையிலேயே செய்து காட்டிவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். அதில் அந்த சாப்ட்வேரே இல்லை.

இளநீரோடு வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் மூடி வைத்துவிட்டேன். நான் குடித்து முடிக்கும்வரை பாய் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் பிளேட்லெட் எண்ணிக்கை எழுதிய தாளை ஒருமுறை, இன்னொரு முறை என்று படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் அதே சந்தேகத்தோடு வந்தார். அதற்கு மறுநாளும். நானும் ஒவ்வொரு நாளும் முதல் படியிலிருந்து நிதானமாக விளக்கினேன்.