மார்கரெட் அத்தைக்குப் போட்ட மாலை

உயிரோடிருக்கும் ஒருவரின் படத்துக்கு மாலை போட்டவன் நான். என் பெண் தன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து இதைச் சொல்லிவிட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில் இருந்தோம். என் மேனேஜர் டங்கன் அமெரிக்காவில் பிறந்தவர்தான், ஆனால் மனசு முழுக்க ஸ்காட்லாந்தில், அவர் அப்பாவின் கிராமத்தில் இருந்தது. அந்த ஊரின் பழைய போட்டோக்களைச் சேர்த்து, இது யார் வீடு, அது யார் கடை என்று எழுதி ஒரு வெப்சைட் நடத்தினார். மதிய இடைவேளையில் அவற்றை ஸ்கேன் செய்யும் திருப்பணி என்னுடையது. (வரலாற்று ஆர்வமா? அதெல்லாம் இல்லை.) என் கிரீன் கார்டுக்காக அவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அது மூன்று வாரமாக அவர் மேஜையில் கிடந்தது. எனக்கோ விசா முடிய இரண்டே மாதம்.

டங்கன் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எங்களை வீட்டுக்கு அழைத்தார். ஸ்கேன் செய்த படங்களில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. கல் வீட்டு வாசலில், வாளியோடு நிற்கும் ஒரு சிறுமி கேமராவை முறைக்கிறாள். பின்பக்கத்தில் ‘மார்கரெட், அப்பாவின் அக்கா’ என்றிருந்தது. டங்கனின் அப்பாவே போய்ச் சேர்ந்து பத்து வருடம். அவருக்கு அக்கா என்றால் சந்தேகமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். படத்தைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு, ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் வாங்கிய சந்தன மாலையையும் மாட்டினேன்.

“அவங்க இருக்காங்களா இல்லையான்னு செக் பண்ணீங்களா?” என்றாள் என் மனைவி உமா.

“தொண்ணூறு வயசு வரைக்கும் யாரு இருக்கா? ஆபீஸ் விஷயம் எனக்குத் தெரியும், நீ டென்ஷன் ஆகாத.”

பரிசைப் பிரித்த டங்கன் அசந்துபோனார். மாலை எதற்கு என்று கேட்டார். ‘சும்மா அழகுக்கு’ என்றிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் நம் வழக்கத்தை யாராவது கேட்டுவிட்டால் எனக்கு வாய் நிற்காது. இறந்தவர் படத்துக்குத்தான் மாலை போடுவோம், உயிரோடிருப்பவர் படத்துக்குப் போட்டால் பெரிய அபசகுனம் என்று இருபது பேர் நடுவில் விளக்கமாகச் சொன்னேன்.

எல்லோரும் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தார்கள். சால்வை போர்த்திய ஒரு கிழவி அங்கிருந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தார். அந்த முறைப்பை நான் ஏற்கெனவே ஸ்கேன் செய்திருக்கிறேன்.

“அது நான்தான். நேற்றுதான் விமானத்தில் வந்து இறங்கினேன். வழியில் செத்துவிட்டேனா?”

வெட்கத்தைவிட எனக்குப் பயம்தான் அதிகம். கையெழுத்தில்லாத கடிதம் கண்முன் வந்து நின்றது.

“போதும், கிளம்பலாம்,” என்றாள் உமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

மாலையைக் கழற்றப் போனேன். மார்கரெட் என் கையைத் தட்டிவிட்டார். “இருக்கட்டும் விடு. அன்றைக்கு அந்தப் போட்டோக்காரன் என்னைக் குளிரில் நிற்கவைத்துவிட்டு ஒரு மிட்டாய்கூடத் தரவில்லை. இப்போதாவது ஏதோ கிடைத்ததே.”

திங்கட்கிழமை டங்கன் கையெழுத்திட்ட கடிதத்தை நீட்டினார். “உன்னை ஊருக்கு அனுப்பக் கூடாதாம். அத்தை உத்தரவு.”

ஃபிரேமையும் மாலையையும் மார்கரெட் ஸ்காட்லாந்துக்கே எடுத்துப் போனார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவரிடமிருந்து ஒரே வரியில் கார்டு வரும்: ‘மாலை இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.’

ஆறு கார்டுகள் வந்தன. ஏழாவது வருடம் டங்கன் ஒரு போட்டோ கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஊர்ச் சமுதாயக் கூடத்துச் சுவரில் வாளிச் சிறுமி, மேலே என் சந்தன மாலை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் பெண் எட்டிப் பார்த்தாள். வீட்டில் யார் படத்தைக் கையில் எடுத்தாலும் கேட்கும் தன் அம்மாவின் கேள்வியை அன்றும் கேட்டாள்.

“அப்பா, டிட் யூ செக்?”

“இந்தத் தடவை சரியாத்தான்மா இருக்கு,” என்றேன்.