தெளிவாகக் கேட்கிறது

ஏழையின் காதைத் தேடிப்போய்ப் பேசிய அரசுக் கட்டடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது தஞ்சாவூர் ஜில்லா கீழக்கொற்றநல்லூரில், எழுபத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் திறக்கப்பட்டது. பிற நாட்டார் வந்து பார்த்துப் பாடம் படிக்காமல் போனதற்கு அந்த ஊருக்கு நல்ல பஸ் வசதி இல்லாததே காரணம்.

குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரை அரசுப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்திருந்தது. ஏற்றக்கூடாது என்று மிராசுதார்கள் ஆட்சேபணை போட்டிருந்தார்கள். இரண்டையும் விசாரிக்கத்தான் அந்த மாடிக் கட்டடம். கட்டடத்துக்கு உடம்பு கொடுப்பது பொதுப்பணித் துறையில் ஒரு பிரிவு. விளக்கு, விசிறி, தண்ணீர் மோட்டார், அழைப்பு மணி என்று உயிர் கொடுப்பது மின்பிரிவு. அந்த உயிரின் கடைசிப் படியில் நின்றவர் இளநிலைப் பொறியாளர் ரெத்தினம். பூதலூர்ப் பக்கத்துக் கூலிக்காரர் வைரக்கண்ணுவின் மகன். அந்தத் தெருவில் முதன்முதலாகச் சட்டையில் பேனா குத்தியவர்.

அதுவரை, அதே இடத்தில் இருந்த பழைய ஓட்டுக் கச்சேரியில் வழக்குக்காரர்களின் பெயரைக் கூப்பிட்டு வந்தது காத்தான் என்ற டவாலி. மூன்று முறை கூப்பிட்டும் வராவிட்டால் மனு தள்ளுபடி. காத்தானோ படியிறங்கி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கப் புளியமரத்தடிவரை நடந்துபோய்க் கூப்பிடுவார். கண்ணயர்ந்து கிடப்பவர்களைத் தோளில் தட்டியும் எழுப்புவார். இது எவ்வளவு பிற்போக்கான முறை என்று விளக்க வேண்டியதில்லை. மைக்கைப் பிடித்து ஆட்சியைப் பிடித்தவர்களின் நாட்டில் ஒரு மனிதன் வெறும் தொண்டையால் கூப்பிடுவதா? ‘வாய்வழி அழைப்பு இன்றுமுதல் ஒழிக்கப்படுகிறது’ என்று சுற்றறிக்கை வந்தது. காத்தானின் தொண்டைக்கு ஓய்வு கிடைத்தது. அவருக்கு ஒரு சுவிட்சும், பேசுவதற்கு ஒரு மைக்கும் கொடுத்தார்கள்.

ஒலிபெருக்கி பொருத்தும் வேலை ரெத்தினத்துக்கு வந்தது. வரைபடத்தில், வடக்குச் சுவரில் ஹாரன் என்கிற ஒலிபெருக்கிக் குழாய், அதற்கு நேர் எதிரே ‘காத்திருப்போர் மண்டபம்’ என்று நீல மையில் அழகாகப் போட்டிருந்தது. மண்டபம் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்குத் தள்ளிப் போடப்பட்டிருந்தது. அந்த இடம் காலியாகக் கிடந்ததால் மிராசுதார்கள் கார்களை நிறுத்தினார்கள். சனங்கள் எப்போதும்போலத் தெற்கே, புளியமரத்தடியில்.

ஏணியின் உச்சியிலிருந்து மைக்செட் பக்கீர் முகம்மது கீழே பார்த்துச் சொன்னார்:

“சார், ஹாரன் காரைப் பாத்துட்டு நிக்குது. சனம் அந்தாண்ட இருக்கு. ரெண்டே போல்டுதான். களட்டித் தெற்கால மாட்டிடவா?”

“படத்துல வடக்குன்னு இருக்கே, பாய்.”

“படத்துல மண்டபமும் இருக்கு சார். அங்க பாருங்க, மண்டபத்துல ஆடு மேயுது.”

ரெத்தினத்துக்கு மனசாட்சி இருந்தது. அதைத் தகுந்த வழியில், மேலதிகாரியின் மூலமாகச் செலுத்தினார். தஞ்சாவூரில் செயற்பொறியாளர் அவருடைய குறிப்பைக் கையில் வாங்காமலே கேட்டார்.

“மண்டபம் கட்டலைன்னு எழுத்துல யாராவது சொல்லியிருக்காங்களா?”

“இல்லைங்க சார்.”

“அப்ப முதல்ல சொல்ல நீ யாருய்யா? தகுதிகாண் பருவம் எப்ப முடியுது?”

“இன்னும் ஒன்பது நாள் இருக்குங்க சார்.”

“ஒன்பது நாளைக்கு வடக்கைப் பாத்துட்டு இரு.”

ரெத்தினம் குறிப்பை நான்காக மடித்துச் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒலிச் சோதனையை மண்டபத்துக்குள் நின்றே நடத்தினார். வரைபடத்தில் வாசல் எங்கே இருந்ததோ அந்த வழியாகத்தான் உள்ளே போனார். சுவரை இடித்துக்கொண்டு போகிற அநாகரிகம் அவரிடம் இல்லை. காத்தான் மாடியிலிருந்து “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றார். ஆடுகள் சிதறி ஓடின. காருக்குள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சின்னப்பண்ணை மிராசுதார் தலையை நீட்டி, “பலே! எங்க வீட்டு ரேடியோகூட இவ்வளவு சுத்தமாப் பேசாது தம்பி” என்று பாராட்டினார்.

திறப்பு விழாவன்று காலை முதல் பஸ்ஸில் ராசம்மாள் வந்து இறங்கினாள். புருஷன் செத்தபிறகு பன்னிரண்டு வருஷமாகச் சின்னப்பண்ணையின் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பயிர் செய்கிறவள். அவள்தான் சாகுபடி செய்கிறாள் என்பதற்கு ஊர்க் கணக்குப்பிள்ளை எழுதிக்கொடுத்த நகல் மடியில் இருந்தது. அது பதிவேட்டில் ஏறினால் நிலத்தைவிட்டு யாரும் அவளைக் கிளப்ப முடியாது. ஏறாவிட்டால் அடுத்த நடவு அவளுடையதில்லை. வாசலில் நின்ற ரெத்தினத்திடம் கேட்டாள்.

“தம்பி, எம் பேரை எப்பக் கூப்பிடுவாங்க?”

“ஒலிபெருக்கியில வரும்மா.”

“காத்தாண்ணன் வராதா?”

“இனிமே வரமாட்டாரு.”

“அடப் பாவமே. அது கூப்பிட்டா செத்தவனும் எந்திரிச்சு ஒக்காருவானே” என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போனாள்.

அமைச்சர் வந்தார். குரலற்றவர்களின் குரலாக இந்தக் கட்டடம் விளங்கும் என்று நாற்பது நிமிடம் விளங்கவைத்தார். பிறகு விசாரணை தொடங்கியது. காத்தான் சுவிட்சைப் போட்டார்.

“ராசம்மாள்!”

மாடித் தாழ்வாரத்தின் நடுவில் ரெத்தினம் நின்றிருந்தார். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும். வடக்கே கார் டிரைவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தெற்கே ராசம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டு யாருக்கோ தன் வாய்க்காலில் தண்ணீர் ஏறாத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ராசம்மாள்!”

காத்தான் மைக்கைக் கையால் பொத்தினார். “சார், ஒரு ஓட்டம் ஓடிக் கூப்பிட்டுட்டு வந்துடுறேனே.”

“சுற்றறிக்கை இருக்கு, அண்ணே.”

ரெத்தினம் தெற்குக் கைப்பிடிச் சுவருக்குப் போனார். வாயைத் திறந்தார். இங்கிருந்து ஒரு சத்தம் போட்டால் போதும். அப்போது அந்த வாய்க்கு ஒன்பது நாளில் ஆறு கழிந்து மூன்று பாக்கி இருந்தது நினைவுக்கு வந்தது. திறந்த வாயை ஒழுங்காக மூடினார். அரசு ஊழியர்களுக்கு முன்மாதிரியாக இந்த மூடலைப் பயிற்சி வகுப்புகளில் காட்டலாம்.

“ராசம்மாள்!”

“ஆஜரில்லை. தள்ளுபடி” என்றார் விசாரணை அதிகாரி.

அன்று மாலை அமைச்சருக்குப் பாராட்டுக் கூட்டம். கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பாராட்டு கேட்க வேண்டும் என்பதால், ஹாரனைத் தெற்கே திருப்பும்படி செயற்பொறியாளர் வாய்மொழியாக உத்தரவிட்டார். வரைபடம் யாருக்கும் நினைவில்லை. பக்கீர் முகம்மது ஏணியில் ஏறினார். இரண்டு போல்ட். ஏழு நிமிடம்.

இறங்கி வந்தவர், “இப்பத் திரும்புது, பாத்தீங்களா சார்?” என்றார். ரெத்தினம் படிவத்தைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார்.

ஒலிபெருக்கியை ஒப்படைக்கும் படிவம் அது. காத்திருப்போரில் ஒருவர், கேட்கிறது என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிட வேண்டும். மரத்தடியில் ராசம்மாள் இன்னும் உட்கார்ந்திருந்தாள்.

“கேக்குதாம்மா?”

“நல்லாக் கேக்குது தம்பி. நெஞ்சுல இடிக்கிற மாதிரிக் கேக்குது. இப்பத்தான் எம் பேரைச் சொல்லப் போறாங்களா?”

“இதுல ஒரு ரேகை வைங்கம்மா.”

“வச்சா கூப்பிடுவாங்களா?”

ரெத்தினம் மைப்பெட்டியைத் திறந்தார். அவள் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டி, ‘தெளிவாகக் கேட்கிறது’ என்பதற்குக் கீழே பதித்தார். தேதி போட்டார். எந்தப் பக்கம், எத்தனை மணி என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. இல்லாத இடத்தில் எழுதுகிறவர் அல்ல அவர், இல்லாத மண்டபத்தில் நிற்பார், அவ்வளவுதான்.

பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை என்று ராசம்மாள் மேல்முறையீடு செய்தாள். அரசுத் தரப்பில் அந்தப் படிவத்தை நீட்டினார்கள்.

“இது உன் ரேகையா?”

“ஆமாங்க ஐயா. ஆனா அது சாயங்காலம்...”

“தேதி அதே தேதிதானே?”

“ஆமாங்க.”

பொறியாளரைக் கூப்பிட்டார்கள். “ஒலிபெருக்கி அன்று வேலை செய்ததா?”

“செஞ்சுதுங்க ஐயா.”

“ரேகை உங்க முன்னால வச்சதுதானா?”

“ஆமாங்க ஐயா.”

இரண்டும் உண்மை. மேல்முறையீடு தள்ளுபடி. ரெத்தினம் அதற்குள் நிரந்தரமாகியிருந்தார். தம் பணிக்காலத்தில் அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்று அவருடைய பணிப்பதிவேடு இன்றும் சாட்சி சொல்லும். ஒரு பொய்யும் சொல்லாமல் ஒரு பெண்பிள்ளையிடமிருந்து ஒன்றரை ஏக்கரைப் பிடுங்குவதற்குப் படிப்பு வேண்டும். அதற்குத்தான் வைரக்கண்ணு அவரைப் படிக்க வைத்தார் போலிருக்கிறது.

ஐப்பசியில் அந்த வயலில் பண்ணையே நடவு வைத்தது. பண்ணையின் காரியக்காரர் விடியற்காலை வரப்பில் நின்றுகொண்டு, கூலிக்கு ஆள் வேண்டும் என்று சேரிப் பக்கம் பார்த்து, “ஏ ராசம்மா!” என்றார்.

ஹாரன் இல்லை. கரண்டு இல்லை. இன்ஜினியரும் இல்லை. அதனால் முதல் தடவையிலேயே அவளுக்குக் கேட்டுவிட்டது.