முக்காலியும் தேயிலைப் பெட்டியும்

தனிச்செபக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். பக்தியில் குறைவில்லை; கோயிலுக்கு மட்டும் வரமாட்டார். ஏனென்று கேட்டால், "சர்வேசுரன் எல்லா எடத்துலயும்தானே இருக்காரு?" என்பார். இருக்கிறார்தான். அந்த எல்லா இடத்திலும் கோயில் மட்டும் ஏன் சேராது என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு அவசர வேலை வந்துவிடும்.

ஐம்பத்தாறாம் ஆண்டில், இலங்கை மலையகத்தில் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், இந்த இனத்தின் முதல்தர மாதிரி சவரிமுத்து. கொழுந்து அரைக்கும் தொழிற்சாலையான தேயிலை ஸ்டோரில் இஞ்சின் பார்ப்பவர். கோயிலை விட்டதற்கு அவர் சொன்ன காரணமும் இஞ்சின்காரர் காரணம்தான்: லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், அடுத்த காம்பராவில் இருக்கும் கஸ்பரின் 'ஆமென்', எல்லாரும் முடித்த பிறகு ஒரு விநாடி பிந்தி வருகிறது.

"பல்லு தேஞ்ச சக்கரம். அதோட சேந்து ஓடுனா நம்ம சக்கரமும் போயிரும்" என்றார்.

தாயார் மார்கிரட்டை அடக்கம் செய்த மறுவாரம்தான் இந்தப் பழுது அவர் காதில் விழுந்தது என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

அம்மாவுக்காக முப்பதாம் நாளுக்குள் ஒரு முழுச் செபமாலையாவது சொல்லி முடிப்பதாக நேர்ந்திருந்தார். அதில் ஒரு சிக்கல். மாலையின் மணிக்கு மணி, மந்திரத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மகன் முக்காலியில். தாய் தேயிலைப் பெட்டியில். இப்போது? முக்காலியில் உட்கார்ந்து முதல் பாதி, எழுந்துபோய்ப் பெட்டியில் உட்கார்ந்து மறுபாதி, திரும்ப வந்து முக்காலி, மறுபடி பெட்டி என்று ஐம்பத்துமூன்று மணிக்கும் ஒரே ஆள் இரண்டு ஆளாக நடந்தார். பெட்டிக்காரர் பிந்தினால் முக்காலிக்காரர் முறைத்தார். ஒருநாள் இருவருக்கும் மனத்தாங்கல்.

மறுபக்கத்துக் காம்பராவில் வேலாயி. முருகனைத் தவிர வேறு சாமி அறியாதவள்.

"யாருண்ணே வந்திருக்காங்க? நடந்துகிட்டே இருக்காங்களே."

"செபம் சொல்றேன்."

"ஒக்காந்து சொல்லக்கூடாதா?"

"ஒக்காந்துதான் சொல்றேன். ரெண்டு எடத்துல."

முப்பதாம் நாள் சாயங்காலம் வரை ஒரு செபமாலையும் முடிந்தபாடில்லை. பன்னிரண்டாம் மணியை உருட்டுவதற்குள் பெட்டியிலிருந்து எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். இஞ்சின் புகை என்றார்.

அன்று முதல் மணியிலேயே மாட்டிக்கொண்டார். முதல் பாதியைச் சொன்னார். எழுந்தார். பெட்டிக்குப் போகக் கால் வரவில்லை. மந்திரம் பாதியில் தொங்கியது.

லயத்துச் சுவர் கூரையைத் தொடாது. அந்த இடைவெளி வழியாக மறுபாதி வந்தது. கஸ்பரின் தகரக் குரல். எதிர்ச் சுவருக்கு மேலிருந்து, அதே வார்த்தைகள், வேலாயி குரலில். தாயும் மகனும் சொல்ல எத்தனை வருஷம் கேட்டிருக்கிறாள்.

"யாரு கேட்டா ஒங்கள?" என்றார் சவரிமுத்து.

"பாதியச் சொல்லி நிப்பாட்டுனா எனக்குச் சோறு எறங்குமா? அடுத்ததச் சொல்லு தம்பி" என்றார் கஸ்பர்.

முக்காலியை விட்டு அசையாமல் ஐம்பத்துமூன்றையும் சொல்லி முடித்தார். கடைசி 'ஆமென்' சொன்னார், வேலாயியும் சொன்னாள். பிறகு அவர் காத்திருந்தார். ஒரு விநாடி கழித்து அது வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கஸ்பருக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார். பழுதைக் கிட்ட இருந்தால்தான் பார்க்க முடியும் என்றார்.

நீங்கள் அந்த இனமில்லை, தெரியும். உங்களுக்குத் தனிமை பிடிக்கும், அவ்வளவுதான். இருந்தாலும் இன்று சாயங்காலம், உங்கள் வீட்டில் எத்தனை இடத்தில் மாறி மாறி உட்காருகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.