தோய்க்கிற கல்லில் நத்தார் தாத்தா

உடுப்புத் தோய்க்கிற கல்லில் நத்தார் தாத்தா குந்திக்கொண்டிருந்தார்.

பெரிய ஆள் இல்லை. ஒரு தண்ணீர்ச் செம்பு உயரம் இருப்பார். மார்கழி மழை தூறிக்கொண்டே இருந்தது, ஆனால் கிறிஸ்மஸ் படங்களில் வருகிற அவருடைய அந்தச் சிவப்புச் சட்டையில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. வரவேண்டிய யாருக்கோ காத்திருப்பவர்போல, காலை ஆட்டியபடி மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த றஸ்மி சேரின் கை அப்படியே நின்றுவிட்டது. கல்முனைப் பக்கத்துப் பாடசாலைகளில் முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவர். கண்டதையெல்லாம் நம்பாதே, சோதித்துப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே நாக்குத் தேய்ந்தவர். கண்ணைக் கசக்கினார், தாத்தா இருந்தார். ஒரு கண்ணை மூடினார், அப்போதும் இருந்தார். தொலைபேசியில் ஒரு படம் பிடித்தார். படத்தில் கல்லும் சவர்க்காரக் கட்டியும் மட்டும்தான் விழுந்திருந்தன.

"ஜுனைதா, இஞ்ச ஒருக்கா வா. அந்தக் கல்லுல ஆர் இரிக்கா?"

அவர் மனைவி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆரும் இல்லயே. ஏன்?"

"சிவப்புத் தொப்பியோட ஒரு சின்ன ஆள்..."

ஜுனைதா சத்தம் போடவில்லை. படியில் மெதுவாக உட்கார்ந்தாள். அவள் சத்தம் போடாவிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"றுமானாட வாப்பா, இண்டைக்கு இருவத்திரெண்டு. இருவத்தஞ்சாந் திகதி மாப்பிள்ள ஆக்கள் வீடு பாக்க வாறாங்க. இந்தக் கதை என்னோட நிக்கட்டும்."

அந்தக் கரையோரத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் பெண் பார்ப்பதைவிட வீடு பார்ப்பதுதான் பெரிய காரியம். சுவர் பார்ப்பார்கள், கிணறு பார்ப்பார்கள், கடைசியில் வீட்டு மனிதர்களின் மூளையையும் பார்ப்பார்கள். சாய்ந்தமருது ஸமட் ஹாஜியாரின் மகன் சாஜித்தும் இந்த வீட்டு மகள் றுமானாவும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டு பேருக்கும் மனம் ஒத்துப்போன விஷயம் அண்மையில்தான் இரண்டு வீட்டுக்கும் தெரியவந்தது, தெரியாததுபோல் இருப்பதுதான் மரியாதை. சாஜித்துக்கு அரசாங்க வேலை. நத்தார் லீவு நாளாகப் பார்த்து வருகிறார்கள். 'பொண்ணுட வாப்பாக்குத் தலையில சுகமில்லையாம்' என்று ஒரு சொல் வெளியே கசிந்தால் போதும், மகளின் ஆசை அதோடு முடிந்தது.

அன்று பகல் அவர் தன்னிடம் படித்த பிள்ளை ஒருத்தியைத் தொலைபேசியில் பிடித்தார். பாண்டிருப்புக் கஜேந்தினி, இப்போது மட்டக்களப்பில் டொக்டர்.

"சேர், மூக்கடைச்ச குரலா இருக்கே, தடிமனுக்கு ஏதும் மருந்துக் குளிசை போட்டீங்களா?"

"ஓம். ஒரு நாளைக்கு மூணு போடச் சொன்னாங்க. கெதியா மாறட்டும் எண்டு ஆறு போட்டன். செறிவு கூடினாத் தாக்கம் வேகமா நடக்கும்தானே, பிள்ள?"

"அது குடுவைக்குள்ள, சேர்!" கஜேந்தினி சிரித்தாள். "பயப்படாதீங்க. மூளை கண்ணால வாறத மட்டும் நம்பிப் படம் கீறுறதில்ல. முதல்ல தன்ட பாட்டுக்கு ஒண்டக் கீறிப்போட்டு, மறுகா கண்ணிட்டக் கேட்டுத் திருத்தும். அப்பிடித் திருத்துறதுக்கு அசற்றைல்கோலின் எண்டு ஒரு சாமான் வேணும். உங்கட சிவப்புப் பேனை மாதிரி எண்டு வைங்களன். குளிசை அந்தப் பேனையப் பறிச்சிப்போட்டுது. இப்ப உங்கட மூளை கீறுறதெல்லாம் சரியெண்டு போகுது."

"அப்ப திருத்தாத பேப்பரா நான் பாக்கிறன்?"

"அதேதான். குளிசைய நிப்பாட்டுங்க, நல்லாத் தூங்குங்க. மூணு நாளையில போயிடும். அதுவரைக்கும் அதக் கணக்கெடுக்காதீங்க."

கணக்கெடுக்காதே என்று டொக்டர் சொன்னதை றஸ்மி சேர் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தார். மறுநாள் தாத்தா குசினிக்குக் குடிவந்து, தேங்காய் துருவுகிற இடத்தில் தாடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். சேர் அவரைக் கடந்து போனார். பின்னேரம் தாத்தா விறாந்தைக் கதிரையில் ஏறிப் படுத்திருந்தார். சேர் நின்றபடியே பேப்பர் வாசித்தார். வெளியே மழை மெத்தென்று விழுந்துகொண்டிருந்தது. தூரத்தில் கடல் இரைந்தது. தாத்தாவின் குறட்டை அந்த இரைச்சலோடு கலந்து வந்தபோது, சேருக்கு உள்ளூர அவரைப் பிடித்துக்கூடப் போயிற்று. அதை ஜுனைதாவிடம் சொல்ல அவருக்குத் தைரியமில்லை.

இருபத்துநாலாம் திகதி பின்னேரம் விருந்தாளிகளுக்கு மஸ்கட் அல்வா வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். மஸ்கட்டோடு திரும்புகையில், தெருவில் விளக்குகள் கட்டிய லொறி ஒன்று நின்றது. தேவாலயத்துப் பிள்ளைகள் கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். ஈரத் தெருவில் பச்சையும் சிவப்பும் நீந்தின. அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து ஆறடி உயரத்தில் நத்தார் தாத்தா இறங்கி வந்து, சேருக்கு நேரே ஒரு பிடி இனிப்போடு கையை நீட்டினார்.

றஸ்மி சேர் ஓரடி பின்வாங்கினார். செம்பு அளவில் இருந்தது ஆறடி ஆகிவிட்டதே! நோய் முற்றுகிறது.

"உன்னை நான் கணக்கெடுக்க மாட்டன்," என்றார் உறுதியாக. "நீ இரசாயனப் பிழை. விலகு."

"சேர், டொபி எடுங்க சேர்!"

"கதைக்கவும் பழகிட்டியா?" சேர் குடையின் நுனியால் தாத்தாவின் வயிற்றில் குத்தினார். வெறுங்காற்றில் போகவேண்டிய குடை மெத்தென்ற எதிலோ போய் முட்டியது. சட்டைக்குள்ளிருந்து ஒரு தலையணை நழுவித் தெருவில் விழுந்தது. பாட்டு நின்றது.

"றஸ்மி சேர், நான் தம்பிமுத்து!" என்றார் தாடியை இறக்கிய தாத்தா. கல்வி வலயத்தில் விஞ்ஞானப் பாடத்துக்கே பொறுப்பான அதிகாரி அவர்.

சேர் வீடு வந்து சேருமுன்னே கதை வந்து சேர்ந்துவிட்டது. ஜுனைதா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இல்லாத ஆளக் கணக்கெடுக்காதீங்க எண்டு டொக்டர் சொன்னா, இருக்கிற ஆளக் குடையால குத்துவீங்களா? நாளைக்கு ஹாஜியாரக் குத்திப்போட்டா என்ன செய்யிற?"

"நான் எப்பிடித் தெரிஞ்சிக்கிற, எது உள்ளது, எது இல்லாதது எண்டு?"

ஜுனைதா ஒரு சட்டம் போட்டாள். "இனி உங்கட கண்ண நம்பாதீங்க. மத்த ஆக்களப் பாத்து நடங்க. அவங்க ஆரோட கதைக்கிறாங்களோ அவரோட நீங்களும் கதைங்க. அவங்க காணாதத நீங்களும் காணாதீங்க."

நல்ல சட்டம்தான். சேர் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தூங்குமுன் தொலைபேசியில் இன்னும் கொஞ்சம் வாசித்தார். சிலருக்கு இல்லாதது தெரியுமாம். மிக அரிதாகச் சிலருக்கு எதிரிலேயே இருப்பது தெரியாமல் போவதும் உண்டாம். அதை வாசித்த பிறகு அவருக்குத் தூக்கம் எங்கே வரும்?

நத்தாரன்று மழை விட்டு வானம் வெளித்திருந்தது. கழுவி எடுத்த வெயில் விறாந்தையில் கிடந்தது. தோய்க்கிற கல்லிலும் யாரும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றார் சேர். கொஞ்சம் வெறிச்சென்றும் இருந்தது.

மூன்று மணிக்கு வந்தார்கள். ஹாஜியாரின் மனைவி சல்மா உம்மா உள்ளே பெண்கள் பக்கம் போய்விட்டார். முன்னறைக்கும் உள்வீட்டுக்கும் நடுவே ஒரு திரைச்சீலை தொங்கியது. சேர் யாரைப் பார்த்து நடக்கவேண்டுமோ அந்த ஜுனைதாவும் சீலைக்கு அங்கால் போய்விட்டாள். முன்னறையில் ஹாஜியாரும் சாஜித்தும் அருகருகே அமர்ந்தார்கள். ஹாஜியாருக்கு மறுபக்கம் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. சேர் அதில் உட்காரப் போனார்.

"யா அல்லாஹ்! பாத்து!" ஹாஜியார் பதறினார். "அவன்ட மடியில இரிக்கப் போறீங்களே!"

சேர் துள்ளி எழும்பினார். கதிரையைப் பார்த்தார், ஒன்றும் இல்லை. சாஜித்தைப் பார்த்தார். சாஜித் தரையைப் பார்த்தானே தவிர, அங்கே ஆளில்லை என்று சொல்லவில்லை.

சேருக்கு இராத்திரி நினைவுக்கு வந்தது. வாசித்தது பலித்துவிட்டது! ஒரு முழு மனிதரைத் தன் மூளை அழித்துப்போட்டிருக்கிறது. அதுவும் சம்பந்தி வீட்டு ஆளை!

"மன்னிச்சிக்கங்க," என்றார் கதிரையிடம். "தடிமன். கண் கொஞ்சம் கலங்கலா இரிக்கி."

"பரவாயில்ல," என்றார் ஹாஜியார், முகம் மலர்ந்து. "மீராசாய்வு இதுக்கெல்லாம் கோவிக்கிற ஆளில்ல. நாங்க ரெண்டு பேரும் ஒரே தோணியில தொழில் செஞ்ச ஆக்கள். கனக்கக் கதைக்க மாட்டான்."

கதைக்காத ஆள் என்று கேட்டதில் சேருக்குப் பாதி உயிர் வந்தது. தேத்தண்ணீர்த் தட்டை வாங்கச் சீலையருகே போனார்.

"இன்னுமொரு தேத்தண்ணி தா," என்று கிசுகிசுத்தார்.

"ரெண்டு பேர்தானே? ஆருக்கு?"

"மீராசாய்வுக்கு."

"சிவப்புத் தொப்பியா?" என்றாள் ஜுனைதா.

"இல்ல, இவர் உள்ள ஆள். எனக்குத்தான் தெரியுதில்ல. கெதியாத் தா!"

சண்டை பிடிக்கிற நேரமா அது? அவள் ஊற்றிக் கொடுத்தாள். சேர் அதை வெறுங் கதிரைக்கு முன்னால் பணிவாக வைத்தார். மஸ்கட் தட்டை முதலில் அங்கேயே நீட்டினார். வீட்டில் இருந்த ஒரே நல்ல தலையணையைக் கொண்டுவந்து கதிரையின் முதுகுக்கு வைத்தார். சீலைக்குப் பின்னால் ஜுனைதா இருமினாள். கவனிப்புப் போதாது என்கிறாளாக்கும் என்று நினைத்து, மின்விசிறியையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

"தேத்தண்ணி ஆறுது, குடிங்க," என்றார் கனிவாக. "இது உங்கட வீடு மாதிரி."

ஹாஜியார் கதிரையைப் பார்த்துச் சிரித்தார். சேரும் சிரித்தார். தோணிக் கதை வந்தது. காற்றில் பாய் கிழிந்த நாளில் மீராசாய்வு தன் இடுப்புச் சாரத்தைக் கழற்றிப் பாயாகக் கட்டிய கதை. "நல்ல வேல செஞ்சீங்க!" என்று சேர் கதிரைக்கு மெச்சிச் சொன்னார். ஹாஜியார் சின்னப் பிள்ளைபோல் தொடையில் தட்டிச் சிரித்தார். சாஜித் மட்டும் தலை நிமிரவேயில்லை. சீலைக்கு அங்கால் யாரோ விம்முவது கேட்டது. அது ஜுனைதாவின் குரல்.

அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. ஹாஜியார் எழும்பினார். "வா மீரா, பள்ளிக்குப் போயிட்டு வருவம்." சேர் ஒதுங்கி, ஹாஜியாருக்கு ஒரு தரமும் அவருக்குப் பின்னால் வருபவருக்கு இன்னொரு தரமுமாக இரண்டு முறை வழிவிட்டார்.

சீலை விலகியது. சல்மா உம்மா வந்து நின்றார், கண்ணெல்லாம் ஈரம். அவருக்குப் பின்னால் ஜுனைதாவும், முகம் வெளிறிய றுமானாவும் நின்றார்கள்.

மகளின் முகத்தைப் பார்த்ததும் றஸ்மி சேருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மூன்று நாளாக மூடி வைத்தது போதும். ஒரு பொய்யின் மேல் பிள்ளைக்கு வாழ்க்கை கட்டிக் கொடுக்க முடியாது.

"தாத்தா," என்றார் சல்மா உம்மாவிடம், அந்த ஊரில் மூத்த சகோதரியை அழைக்கிற முறையில். "உங்களுக்கு ஒளிச்சி நான் பொண்ணு குடுக்க மாட்டன். குளிசை கூடிப்போய் எனக்கு மூளையில ஒரு பிழை. இல்லாதது தெரிஞ்சுது. இப்ப உள்ளதும் தெரியுதில்ல. சத்தியமாச் சொல்றன், இவ்வளவு நேரமும் என்ட கண்ணுக்கு மீராசாய்வு தெரியல்ல. வேணாமெண்டா வேணாமெண்டு சொல்லுங்க. என்ட பிள்ளையில ஒரு குறையும் இல்ல."

ஜுனைதா சுவரில் சாய்ந்துவிட்டாள். சாஜித் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தித் தன் உம்மாவைப் பார்த்தான்.

சல்மா உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எங்கட கண்ணுக்கும் தெரியாது தம்பி, மீராசாய்வு சுனாமியில மௌத்தாகி இருவது வருசத்துக்கு மேல, ஏழு வீடு பாத்தம், ஏழு வீட்டுலயும் எங்கட மனிசனப் பைத்தியமெண்டு சிரிச்சாங்க, அந்தக் கூட்டாளிக்குத் தேத்தண்ணி ஊத்தின வீடு இது ஒண்டுதான் — நிக்காஹ்வுக்கு நாளச் சொல்லுங்க."