தறிக்கு அடியில் ஒரு தலைவர்

டீக்காரருக்கு நத்தை தர வேண்டிய பாக்கி முந்நூற்றுப் பதினேழு ரூபாய். எதையும் நிதானமாகச் செய்கிறவன் என்பதால் தறிக்கூடத்தில் அவனுக்கு நத்தை என்று பேர். ஆனால் அன்றைக்கு டீக்காரர் கேனோடு உள்ளே வருவதைப் பார்த்ததும் எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, தறியை நிறுத்திவிட்டு அடியில் புகுந்துகொண்டான்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். தறி நின்று, ஆளும் கண்ணில் படாவிட்டால், கை சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். கத்தினாலும் கேட்காத இரைச்சல். அதனால் பக்கத்துத் தறிக்காரன் உடனே தன் தறியை நிறுத்துவான். அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து அடுத்தவன்.

கொஞ்ச நேரத்தில் நத்தையின் காதில் பல்லி கத்துவது கேட்டது. இத்தனை வருஷமாக இங்கே பல்லி இருந்ததா? ஆச்சரியத்தில் தலையை நீட்டினான். எதிரே மேனேஜரின் பூட்ஸ்.

"யார்றா முதல்ல நிறுத்தினது?"

"இவன்தான் சார். இவன் நிறுத்தினான், நாங்களும் நிறுத்தினோம்," என்றான் பக்கத்துத் தறிக்காரன், உள்ளதை உள்ளபடி.

"அடியில என்னடா பண்ணே?"

கடனுக்கு ஒளிந்தேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? "சும்மா உக்காந்திருந்தேன் சார்."

"வேலை நேரத்துல சும்மா உக்காந்தா அதுக்குப் பேரு வேலைநிறுத்தம்." மேனேஜர் போலீசுக்குப் போன் போட்டார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் விவரம் சொன்னார். வேலைநிறுத்தம் செய்தால் அபராதம். தூண்டிவிட்டால் ஆறு மாசம் ஜெயில்.

"தூண்டுறதுன்னா என்ன சார்?" நத்தைக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

"அதைத்தான் நானும் கேக்கறேன். வாயே திறக்காம அத்தனை தறியையும் எப்படிய்யா நிறுத்தினே?"

மனைவி ஓடி வந்தாள். "ஐயா, இவர் சொன்னா எங்க வீட்டுப் பூனைகூடக் கேக்காது."

"வீட்டுல பேச முடியாதவன்தாம்மா வெளியில தலைவர் ஆவான்." இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

அதற்குள் வாசலில் சத்தம். நத்தை அப்பாவி என்று சாட்சி சொல்லக் கூடமே திரண்டு வந்திருந்தது.

"அப்ப தறியெல்லாம்?"

"நிறுத்திட்டுத்தான் சார் வந்தோம்."

இன்ஸ்பெக்டர் நத்தையை ஏற இறங்கப் பார்த்தார். "உள்ள இருந்துக்கிட்டேவா?"

வெளியே எவனோ ஒருத்தன் "தலைவர் வாழ்க" என்று ஆரம்பித்தான். இனியும் மானத்தைப் பார்த்தால் ஆறு மாசம் போய்விடும். நத்தை போட்டு உடைத்தான்.

"சார், டீக்காரருக்கு முந்நூத்திப் பதினேழு ரூபா பாக்கி. அவருக்குப் பயந்துதான் ஒளிஞ்சேன். அவரையே கேளுங்க."

"என்கிட்ட நூறுன்னுதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "அவர் ஆமான்னு சொல்லட்டும், இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்."

வாசல் கூட்டத்துக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தவரை உள்ளே கூட்டி வந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நத்தை அவரை ஆசையோடு பார்த்தான். "சொல்லுங்கண்ணே, நான் உங்களுக்கு எவ்வளவு தரணும்?"

டீக்காரர் கேனைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"தலைவராவது, எனக்குக் கடன் வச்சிருக்கறதாவது. ஒரு பைசா பாக்கி இல்ல சார், நல்லா எழுதிக்கங்க."