எலியேசரின் விரல்

ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கி, அப்பா எலியேசரின் வலது கட்டைவிரலை எடுத்து, அவருடைய செல்போனிலேயே வைத்தான் ஜெனோ. போன் திறக்கவில்லை.

நாலு மணிக்கு அடக்கம். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிப் போன தங்கை டார்லினுக்கு இன்னும் சேதி போகவில்லை. அவள் வாசல் மிதிக்கக் கூடாது என்று குதித்தவன் ஜெனோதான். அப்பா மட்டும் அவளிடம் ரகசியமாகப் பேசி வந்தாராம். அவள் நம்பர் இந்தப் போனுக்குள் மட்டும்தான் இருக்கிறது. அவள் வந்து முகம் பார்க்காமல் அப்பாவைப் புதைத்தால் ஜெனோவுக்கு ஆயுசுக்கும் தூக்கம் வராது.

"ஏன்ப்பா தொறக்க மாட்டேங்கு?" என்றாள் அவன் மகள் கெசியா. ஐந்து வயது.

ஜெனோ ஒன்றாம் வகுப்பு வாத்தியார். பெற்ற தகப்பன் செத்துக் கிடந்தாலும், பிள்ளை கேட்டால் பாடம் நடத்தாமல் இருக்க முடியாது.

"ரேகைல வரப்பும் வாய்க்காலும் இருக்குல்லாட்டி? வரப்பு போனைத் தொடும், வாய்க்கால் தொடாது. தொட்ட எடத்துல கொஞ்சூண்டு கரண்டு மாறும். உள்ள இருக்க சென்சார் அதை வச்சு, இது இன்னாருன்னு சொல்லிரும். தாத்தா விரலு ஜில்லுன்னு இருக்கதால தெரியல."

விரலைத் தேய்த்தான். வெந்நீர்த் துணியால் ஒற்றினான். ஊதிக்கூடப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"சரி, மூஞ்சியைக் காட்டுவோம். கேமராவும் ஒரு கண்ணுதான்."

"தாத்தா கண்ண மூடியிருக்காவளே?"

ஜெனோ இமையைத் தூக்கிப் பிடித்தான். அடையாளம் தெரியட்டும் என்று மூக்குக்கண்ணாடியும் மாட்டிவிட்டான். அந்த நேரம் பார்த்துக் குருவானவர் உள்ளே வந்தார்.

"என்னப்பா செய்யுத?"

"அப்பா மூஞ்சியக் காட்டுதேன் ஐயா."

"யாருக்கு?"

"போனுக்கு."

குருவானவர் கைகளைக் குவித்தார். "ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

எல்லோரும் கண்ணை மூடியிருக்க, ஜெனோ மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்தான். போன் கோபித்துக்கொண்டு, இனி ரேகை செல்லாது, ரகசிய எண்தான் வேண்டும் என்றது. அப்பாவின் பிறந்தநாளைப் போட்டான். டார்லினுடையதைப் போட்டான். வேதாகமத்தில் அப்பாவுக்குப் பிடித்த சங்கீதத்தின் எண்ணையும் விடவில்லை. போன் மொத்தமாகப் பூட்டிக்கொண்டது.

கோயில் மணி அடித்தது. அப்பாவைச் சவப்பெட்டிக்கு மாற்றி, மூடி ஆணி அடித்தார்கள். ஜெனோ தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

கெசியா பைய வந்து அவன் தோளைத் தொட்டாள்.

"அழாதியப்பா. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு தாத்தா சொல்லியிருந்தாவ. மாஞ்சோலை எஸ்டேட்ல தேயிலை கிள்ளிக் கிள்ளி அவிய ரேகையெல்லாம் தேஞ்சுபோச்சாம். டார்லின் அத்தைட்ட பேசணும்னா என் விரலத்தான் வைப்பாவ."